பாலும் நீரும் சட்டமும்

நன்மாணாக்கர்க்கு உவமை கூறவந்த நன்னூலார் அன்னத்தையும் பசுவையும் அடுத்தடுத்தே வைத்தார். நீரொடு கலந்த பாலிலிருந்து பாலை மட்டும் பிரித்துண்ணும் பறவை அன்னம் என்பது புலவர் மரபு. அத்தகைய பறவையைக் கண்ணால் கண்டவர் எவருமிலர். ஆயின், சிங்கப்பூரில் அந்த அன்னத்தின் பணியை ஒரு காலத்தில் நகராண்மைக் கழகத்தின் சுகாதார ஊழியர்கள் செய்ய வேண்டியதாயிற்று. அவர்கள் பால்காரரை வழிமறித்தனர்; செம்பிலிருந்து பால் வாங்கிக் குப்பியில் அடைத்து முத்திரையிட்டனர்; நீர் கலந்தவரை நீதிமன்றத்தில் நிறுத்தினர். அவ்வாறு நின்றவருள் பெரும்பாலோர் இந்தியர். அவருள் தமிழரும் பலர். நீர் கலந்த பாலை இவ்வளவு விரைந்து கண்ட சட்டம், கெட்டுப்போன பாலைக் காண ஏன் அவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது என்பது வரலாற்று மாணவர் எண்ணிப் பார்க்கவேண்டிய வினாவாகும்.

இக்கதை தொடங்கும் இடம் தேக்கா. சிராங்கூன் சாலையின் முகப்பிலுள்ள பஃபலோ சாலை, அதற்கு அணித்தேயுள்ள கெர்பாவ் சாலை ஆகிய இரண்டும் ஒரே பொருளைத் தரும் பெயர்கள். முன்னது ஆங்கிலத்தில் எருமை. பின்னது மலாயில் எருமை. இவ்வட்டாரம் முழுவதற்குமே 'கண்டாங் கெர்பாவ்', அதாவது எருமைத் தொழுவம், என்ற மலாய்ப் பெயர் வழங்கியது. சிறு மூங்கில் அடி என்ற பொருளுடைய ஹொக்கியன் சீனத் தொடரே தேய்ந்து 'தேக்கா' என நம் வாயில் நிலைத்தது. சற்றுத் தள்ளிச் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்த பகுதியைத் தமிழர் சுண்ணாம்புக் கம்பம் என்றனர். ஊர்ப்பெயர்களைக் கொண்டே ஒரு வட்டாரத்தின் தொழில் வரலாற்றை எழுதிவிடலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இத்தீவில் இல்லை.

ரோச்சோர் ஆற்றை ஒட்டிய தாழ்நிலம் அது. நீருக்கும் புல்லுக்கும் குறைவில்லை. எருமை புரளச் சேறும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே மாட்டு வாணிகம் பெருகியது. கல்கத்தாவிலிருந்து வந்த யூத வணிகர் ஐ. ஆர். பெலிலியோஸ் அவ்வாணிகத்தில் முதன்மை பெற்றிருந்தார். இன்றும் பெலிலியோஸ் சாலை அவர் பெயரைச் சுமந்து நிற்கிறது. மாடு மேய்க்கவும் வண்டி ஓட்டவும் தோல் பதனிடவும் வந்த இந்தியத் தொழிலாளருள் தமிழரும் வட இந்தியரும் இருந்தனர். அவர்களுட் சிலர் கறவை மாடு ஒன்றிரண்டை வாங்கித் தாமே பால் வாணிகம் தொடங்கினர். நகரில் வாழ்ந்த ஐரோப்பியர், யூரேசியர், இந்தியர் இல்லங்களுக்கு விடியற்காலையிற் பால் கொண்டு சென்றவர்கள் இவர்களே. சீனர் இல்லங்களில் பால் அருந்தும் பழக்கம் அந்நாளில் மிகுதியில்லை.

விடியுமுன் கறந்து, பித்தளைச் செம்புகளில் நிரப்பி, பின்னாளில் மிதிவண்டியில் மாட்டிக்கொண்டு பல கல் தொலைவு செல்லும் பால்காரருக்கு மூன்று பகைகள் இருந்தன. ஒன்று வெயில், மற்றொன்று கடன் சொல்லும் வாடிக்கையாளர், மூன்றாவது தம் மனத்துள்ளேயே இருந்த ஆசை. ஒரு படிப் பாலை ஒன்றரைப் படியாக்குவதற்குக் கிணறு ஒன்றே போதுமானது. இதனை மறைப்பதற்கில்லை. நம்மவர் என்பதற்காக அவர்களுக்கு வெள்ளையடிக்கும் வேலை வரலாற்றுக்கு உரியதன்று.

அவர்களை எதிர்கொண்ட சட்டம் இங்கிலாந்தில் உருவான அச்சில் வார்க்கப்பட்டது. 1875ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் உணவு, மருந்து விற்பனைச் சட்டத்தை இயற்றியது. வாங்குபவர் கேட்ட பொருளின் இயல்பும் தரமும் இல்லாத ஒன்றை அவர்க்குக் கேடாக விற்பது குற்றம் என்பது அதன் உயிர்நாடி. இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. அச்சட்டத்தின் முதன்மையான அச்சம் நஞ்சைப் பற்றியதன்று, ஏமாற்றைப் பற்றியது. பால் என்று சொல்லி நீரை விற்றால் வாங்கியவரின் காசு பறிபோகிறது. ஆகவே குற்றம். நீரிணைக் குடியேற்றங்களிலும் பின்னர் இதே பெயரில், இதே போக்கில் சட்டங்கள் பிறந்தன.

அச்சட்டம் மாதிரி எடுப்பதற்கு வகுத்த முறை நேர்மையானது. ஆய்வாளர் காசு கொடுத்தே பாலை வாங்குவார். வாங்கியபின், இது சோதனைக்காக வாங்கப்பட்டது என்று விற்றவரிடம் அறிவிப்பார். பாலை மூன்று பங்காக்கி முத்திரையிடுவார். ஒரு பங்கு பகுப்பாய்வாளருக்கு; ஒரு பங்கு விற்றவருக்கு; எஞ்சிய பங்கு, வழக்கில் ஐயம் எழுந்தால் நீதிமன்றத்தில் காட்டுவதற்கு. தாளில் எழுதப்பட்ட நிலையில் இதைவிட நடுநிலையான முறை வேறில்லை. ஆனால், பால்காரர் தமக்குக் கிடைத்த பங்கை எடுத்துக்கொண்டு எந்தப் பகுப்பாய்வாளரிடம் போவார்? ஆங்கிலமும் அறியார், வேதியியலும் அறியார். ஒருநாள் வருமானத்தை இழந்து நீதிமன்றத்திற்கு வருவதே அவருக்குப் பெரும்பாடு. மூன்றாம் பங்கின் நிலையோ இன்னும் வேடிக்கையானது. குளிர்நாட்டிலேயே பால் மாதிரிகள் புளித்துப் பகுப்பாய்வாளருக்குத் தொல்லை தந்தன. 30 பாகை வெப்பமுள்ள ஊரில் முத்திரையிட்ட குப்பிக்குள் பால் எத்தனை நாள் பாலாக இருக்கும்? நீர் கலந்ததற்குச் சான்றாக வைத்த பால் தானே கெட்டுச் சான்றைக் கெடுத்துவிடும். கெட்ட பால் அச்சட்டத்தின் முன் குற்றவாளியாக வருவதற்கு முன்பே, கெட்ட சாட்சியாக வந்து நின்றது எனலாம்.

நீரை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைச் சற்று விரித்துரைப்பது மாணவர்க்குப் பயன்படும். பால்மானி என்பது அடியில் கனமுள்ள, மேலே அளவுக்கோடுகள் பொறித்த கண்ணாடிக் குழல். நல்ல பாலின் அடர்த்தி நீரின் அடர்த்தியைக் காட்டிலும் சற்றுக் கூடுதல், ஏறத்தாழ 1.028 முதல் 1.034 வரை இருக்கும். நீர் சேரச் சேர அடர்த்தி குறையும். குழல் ஆழ்ந்து அமிழும். எளிய கருவி, தெருவிலேயே பார்த்துவிடலாம். ஆனால், பால்காரரும் அறிவில்லாதவர் அல்லரே! பாலாடை நீரினும் இலேசானது. அதனை எடுத்துவிட்டால் எஞ்சிய பாலின் அடர்த்தி 1.036 அளவுக்கு ஏறிவிடும். அதில் பத்தில் ஒரு பங்கு நீர் சேர்ந்தால் மறுபடியும் 1.032க்கு இறங்கிவிடும். பால்மானி இப்போது நல்ல பால் என்று சான்றளிக்கும். ஆடையும் போயிற்று, நீரும் சேர்ந்தது, கருவியும் கைகட்டி நின்றது. இரண்டு திருட்டுகள் சேர்ந்து ஒரு நேர்மையாகத் தோன்றிய விந்தை இது.

இந்தச் சூழ்ச்சியை முறியடித்தவர் சுவிட்சர்லாந்து நாட்டு வேதியியலார் நிக்லாஸ் கெர்பர். அவர் 1890களின் தொடக்கத்தில் வகுத்த முறை இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளது. கந்தக அமிலத்தோடு சிறிதளவு பாலையும் சில துளி அமைல் ஆல்கஹாலையும் ஒரு கழுத்துள்ள குப்பியிலிட்டுச் சுழற்றினால், பாலிலுள்ள மற்றவை கரைந்து கொழுப்பு மட்டும் தனியே மேலேறி நிற்கும். கழுத்திலுள்ள கோட்டைப் பார்த்து அளவைப் படித்துவிடலாம். 1901ஆம் ஆண்டு இங்கிலாந்து தன் பால் விற்பனை விதிகளில் எண்களையே எழுதி வைத்தது: பாலில் கொழுப்பு 3 விழுக்காட்டிற்குக் குறைந்தாலும், கொழுப்பல்லாத திடப்பொருள் 8.5 விழுக்காட்டிற்குக் குறைந்தாலும், அது தூய பாலன்று எனக் கொள்ளப்படும். தூய பாலே என மெய்ப்பிக்கும் கடமை விற்றவரைச் சாரும். ஏன் இரண்டு அளவுகள்? எருமைப் பாலில் கொழுப்பு 7 விழுக்காடு வரை இருக்கும். அதில் சரிபாதி நீர் கலந்தாலும் கொழுப்பளவில் அது பசும்பாலாகத் தேறிவிடும். மற்ற திடப்பொருளின் அளவுதான் காட்டிக் கொடுக்கும். கண்டாங் கெர்பாவ் போன்ற எருமைத் தொழுவம் நிறைந்த ஊருக்கு இந்த இரண்டாம் அளவு எவ்வளவு இன்றியமையாதது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

தமிழாசிரியர்க்கு இவ்விடத்தில் ஓர் எண்ணம் எழுதல் இயல்பே. புணர்ச்சியில் விகாரம் மூன்று என்பர்: தோன்றல், திரிதல், கெடுதல். பாலுக்கும் அவை மூன்றே. இல்லாத நீர் வந்து சேர்வது தோன்றல். இருந்த ஆடை மறைந்து போவது கெடுதல். பால் தானே தன் இயல்பு மாறிப் புளிப்பது திரிதல். முதலிரண்டையும் அளக்கக் கருவி கிடைத்தது. சட்டம் அவ்விரண்டையும் பிடித்துக்கொண்டது. மூன்றாவதற்கு அந்நாளில் தெருவிற் கொண்டு செல்லத்தக்க கருவி இல்லை. ஆகவே திரிதல் நெடுங்காலம் சட்டத்தின் கண்ணுக்கு முழுமையாகப் படவில்லை. தன் அளவுகோலுக்கு அகப்பட்டதையே சட்டம் குற்றமாகக் கண்டது.

திரிதலை அறிந்திருந்தவர் அடுப்படியிலிருந்த பெண்டிர். பால் வீட்டிற்கு வந்ததும் பொங்கக் காய்ச்சி வைப்பது தமிழர் வழக்கம். நுண்ணுயிர் என்ற சொல்லே பிறவாத காலத்தில் அது எப்படி வந்தது என்று ஆராய்வதில் பயனில்லை, வந்தது, காத்தது. காய்ச்சும்போதே திரிந்துவிட்டால் அப்பால் ஆகாது என்று கொட்டிவிடுவார்கள். அடுப்பே அவர்களுக்குப் பகுப்பாய்வுக்கூடம். அதே பாலை உறை ஊற்றித் தயிராக்கினால் அது உணவு. புளிப்பிலும் நல்ல புளிப்பு, கெட்ட புளிப்பு என இரண்டு உண்டென்பதை நம் மொழி தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. பால் 'திரியும்', தயிர் 'உறையும்'. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் சொன்னால் சிறு பிள்ளையும் சிரிக்கும். தாய்நாட்டிலும் பால் சட்டத்தின் பிடிக்குத் தப்பவில்லை. சென்னை மாகாணத்தில் 1918ஆம் ஆண்டில் கலப்படத் தடுப்புச் சட்டம் வந்தது.

ஆனால், காய்ச்சாத பாலைக் குடித்த குழந்தைகளும் இந்நகரில் இருந்தனர். பால் என்ற பெயரால் வேறொன்றைக் குடித்த குழந்தைகள் அதனினும் பலர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூர் நகரில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ 300 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் மாண்டன. இன்று அவ்வெண் ஆயிரத்திற்கு இரண்டு என்ற அளவில் உள்ளது. அன்றைய இறப்புப் பதிவேடுகளில் குழந்தை இறப்புக்குக் காரணம் பெரும்பாலும் 'வலிப்பு' என்றே எழுதப்பட்டது. வலிப்பு என்பது சாவின் கடைசி வாயில். அவ்வாயிலுக்கு அக்குழந்தையை அழைத்து வந்தது வயிற்றுப்போக்கா, பட்டினியா, காய்ச்சலா என்று பதிவேடு கேட்கவில்லை. 1890களிலிருந்து 1920 வரை நகராண்மைச் சுகாதார அதிகாரியாக விளங்கிய டாக்டர் மிடில்டன் காலத்திலேயே, பிறந்த குழந்தைகளை வீடு தேடிச் சென்று பார்க்கும் தாதியர் பணி தொடங்கியது. புட்டியும் டின்னும் எத்தனை வீடுகளுக்குள் நுழைந்திருந்தன என்பதை நேரிற் கண்டவர்கள் அத்தாதியரே.

டின் பாலைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். பாலைச் சுண்டக் காய்ச்சிச் சர்க்கரை சேர்த்துத் தகரத்தில் அடைக்கும் முறைக்கு அமெரிக்கரான கெயில் போர்டன் 1856ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 1866ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் இதற்கெனப் பெரிய தொழிற்சாலை எழுந்தது. வெப்ப நாடுகளுக்கு இது வரமாக வந்தது. குளிர்ப்பெட்டி தேவையில்லை, சர்க்கரை மிகுதியால் திறந்த டின்னும் சில நாள் தாங்கும், விலையும் குறைவு. சிங்கப்பூர்க் காப்பிக் கடைகளின் சுவையே இதனால் அமைந்தது என்பது யாவரும் அறிந்ததே. முழுக் கொழுப்புள்ள டின் பாலோடு, ஆடை நீக்கிய பாலிற் செய்த மலிவான டின்களும் கடைகளில் இருந்தன. பின்னதில் சர்க்கரை மிகுதி. கொழுப்பும் அதனோடு சேர்ந்த உயிர்ச்சத்துகளும் இல்லை. அதனை நீரிற் கரைத்துக் கொடுத்தால் குழந்தை இனிப்புக்காக மறுக்காமல் குடிக்கும். மெல்ல மெல்ல நலியும்.

இந்த டின் பால் கெட்டதா? இல்லை. நீர் கலந்ததா? இல்லை. தகரத்தின் மேல் எழுதியபடியே உள்ளே இருந்தது. ஆகவே ஏமாற்றைத் தேடிய சட்டத்திற்கு அது நேர்மையான பண்டம். இங்கிலாந்து 1899ஆம் ஆண்டிலேயே இத்தகைய டின்களில் ஆடை நீக்கிய பால் என்று பெரிய எழுத்திற் பொறிக்க வேண்டுமென விதித்தது. 1923ஆம் ஆண்டின் விதிகள் குழந்தைகளுக்கு ஏற்றதன்று என்பதையும் பொறிக்கச் சொல்லின. படித்தவர்க்கு அது பாதுகாப்பு. தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்த குடும்பத்துத் தாய்க்கு அது என்ன செய்யும்? எழுத்தறியாதவருக்கு எந்த மொழியில் எழுதியிருந்தால் என்ன? மக்கள் டின்னை வாங்கியது எழுத்தைப் பார்த்தன்று, சின்னத்தைப் பார்த்து. ஒரு காசுக்கு நீர் கலந்த பால்காரர் கூண்டில் நின்ற அதே நகரில், டின்னை விற்ற கடையைச் சட்டம் கேள்வி கேட்பதற்கு அங்கே குற்றம் என்று ஒன்று இல்லை.

இதனைக் கேட்டவர் ஒரு மருத்துவர். ஜமைக்காவில் பிறந்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், ஆப்பிரிக்காவின் பொற்கரையில் பணியாற்றியபோது புரதக் குறைவால் குழந்தைகளுக்கு வரும் குவாஷியோர்கர் நோயை 1930களில் மருத்துவ உலகுக்கு அறிவித்தவர். 1936ஆம் ஆண்டில் மலாயாவுக்கு மாற்றப்பட்ட அவர், சிங்கப்பூரில் டின் பாலால் நலிந்த குழந்தைகளை நாள்தோறும் கண்டார். 1939ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ரோட்டரி கழகத்தில், நகரின் வணிகப் பெருமக்கள் நிறைந்த அவையில், 'பாலும் கொலையும்' என்ற பொருள்படும் தலைப்பில் உரையாற்றினார். குழந்தைக்கு ஆகாத பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்றாகப் பரப்புரை செய்வது தண்டனைக்குரியது என்றும், அதனால் நேரும் சாவுகளைக் கொலையாகவே கொள்ளவேண்டும் என்றும் அவர் அஞ்சாமல் கூறினார். தாதியர் போல் உடையணிந்த பெண்களை அனுப்பி விற்பனை செய்யும் வழக்கத்தையும் அவர் கண்டித்தார். அவர் உரைக்குப் பின் எந்தச் சட்டமும் உடனே மாறிவிடவில்லை. மூன்றாண்டுகளுக்குள் ஜப்பானியர் வந்தனர். அவரும் சாங்கியில் சிறைப்பட்டார். போருக்குப் பின் 1948ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார். குழந்தைப் பால்மாவு விளம்பரத்திற்கு அந்நிறுவனம் நெறிமுறை வகுத்தது 1981ஆம் ஆண்டில். இடையில் 42 ஆண்டுகள்.

இதனால், பால்காரரைத் தண்டித்தது தவறு என்றாகிவிடாது. கிணற்று நீரும் கால்வாய் நீரும் குடற்காய்ச்சலைச் சுமந்த காலம் அது. பாலுக்குள் புகுந்த அழுக்கு நீர் காசை மட்டுமா பறித்தது? காசுக்காகப் போட்ட சட்டம், தான் அறியாமலே சில உயிர்களையும் காத்திருக்கும். ஆனால், அச்சட்டத்தின் முன் காய்ச்சிய நீரைக் கலந்தவரும் சாக்கடை நீரைக் கலந்தவரும் ஒன்றே. இருவரது பாலிலும் கொழுப்பளவு ஒன்றாகவே குறைந்திருந்தது. குறை சட்டத்தின் நோக்கத்தில் இல்லை. அதன் பார்வை எட்டிய தொலைவில் இருந்தது.

பார்வையை நீட்டியது வெப்பமானி. பாலை 63 பாகை வெப்பத்தில் 30 நிமிடம், அல்லது 72 பாகையில் 15 விநாடி வைத்து உடனே குளிர்வித்தால் நோய்க்கிருமிகள் அழியும். லூயி பாஸ்டரின் பெயரால் வழங்கும் இம்முறைக்கு உரிய சோதனையும் 1930களில் கிடைத்தது. பச்சைப் பாலில் இயல்பாக உள்ள பாஸ்பட்டேஸ் என்ற நொதி அவ்வெப்பத்தில் செயலிழக்கும். அந்நொதி எஞ்சியிருந்தால் பால் போதிய சூடு காணவில்லை என்பது தெளிவு. திரியுமா திரியாதா என்பதைப் பால் திரியுமுன்பே ஓரளவு சொல்லத்தக்க அளவுகோல் இப்போது சட்டத்தின் கைக்கு வந்தது.

சிங்கப்பூரில் இம்மாற்றத்தின் சின்னமாக நிற்பது புக்கிட் தீமாவின் பால்பண்ணை. கோல்ட் ஸ்டோரேஜ் நிறுவனத்தின் ஃபிரெட் ஹெரன் முயற்சியால் 1929ஆம் ஆண்டில் அமைந்த அப்பண்ணையில், வெப்ப நாட்டில் வாழுமா என்று பலரும் ஐயுற்ற ஃபிரீஷியன் பசுக்கள் வளர்க்கப்பட்டன. அந்நிறுவனத்தின் மெக்னோலியா பால் 1930களின் பிற்பகுதியில் கடைகளுக்கு வந்தது. குளிரூட்டிய புட்டிப்பால் வசதியுள்ளோர் வீட்டுக்குப் போயிற்று. ஏனையோர்க்குப் பால்காரரும் டின்னுமே கதி. இன்று அவ்விடம் டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்கா. பழைய மாட்டுக் கொட்டகை ஒன்று மாணவர்க்கான கல்வி நிலையமாக மாற்றப்பட்டிருக்கிறது.

தேக்காவிலிருந்து மாடுகள் அதற்கு முன்பே வெளியேறத் தொடங்கிவிட்டன. சதுப்பு தூர்க்கப்பட்டது, வீடுகள் நெருங்கின, தொழுவம் நகருக்கு ஆகாது என்ற கொள்கை வலுத்தது. பால்காரர்கள் பொத்தோங் பாசிர் முதலிய புறநகர்ப் பகுதிகளுக்குச் சென்றனர். பின்னர் அங்கும் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. ஆனால் எருமைத் தொழுவத்தின் பெயர் போகவில்லை. கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை 1924ஆம் ஆண்டில் மகப்பேற்று மருத்துவமனையாயிற்று. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. ஓராண்டில் மிகுதியான பிறப்புகள் கண்ட மருத்துவமனை என உலகச் சாதனை நூலிலும் அது இடம்பெற்றது. பால்காரர் வாழ்ந்த இடத்தில் பால் குடிப்போர் பிறந்தனர் என்று சிலர் நகைச்சுவையாகச் சொல்வதுண்டு.

விடுதலைக்குப் பின் பழைய குடியேற்றக் காலச் சட்டத்திற்கு மாற்றாக 1973ஆம் ஆண்டில் உணவு விற்பனைச் சட்டம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அமைந்த சுற்றுப்புற அமைச்சு அதனை நடைமுறைப்படுத்தியது. உணவு மாந்தர் உண்ணத் தகுதியற்றதாக இருப்பதே ஒரு தனிக் குற்றமாக இதில் தெளிவுற நின்றது. விற்றவர் ஏமாற்ற எண்ணினாரா என்ற கேள்வி பின்னுக்குச் சென்றது. தெருவோர அங்காடிக்காரர்கள் அனைவரும் 1980களின் நடுப்பகுதிக்குள் குழாய்நீரும் கழிவுநீர் வடிகாலும் உள்ள நிலையங்களுக்கு மாற்றப்பட்டனர். 1915ஆம் ஆண்டிலிருந்து வழங்கிவந்த பழைய கண்டாங் கெர்பாவ் சந்தைக்கு மாற்றாக, பஃபலோ சாலையின் மறுபுறத்தில் 1982ஆம் ஆண்டில் புதிய நிலையம் திறக்கப்பட்டது. அதுவே 2000ஆம் ஆண்டிலிருந்து தேக்கா நிலையம். இடமாற்றத்தில் வருந்தியவர் பலர் உண்டு. ஆனால் குளிர்ப்பெட்டிக்கு மின்சாரம் இல்லாத கடையில் பால் கெடாதிருக்கச் சட்டத்தால் மட்டும் இயலாது என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

இதற்கிடையே அளவுகோலை ஏமாற்றும் பழைய கலை அழியவில்லை. கடல் கடந்து பெரிதாக வளர்ந்திருந்தது. 2008ஆம் ஆண்டில் சீனாவில் நடந்தது அதற்குச் சான்று. பாலில் நீர் கலந்தால் புரத அளவு குறையும். புரதத்தை நேரடியாக அளக்காமல், அதிலுள்ள நைட்ரஜனை அளந்து கணக்கிடுவது டென்மார்க் நாட்டு கெல்டால் 1883ஆம் ஆண்டில் வகுத்த முறை. மெலமின் என்ற செயற்கைப் பொருளில் மூன்றில் இரு பங்கு நைட்ரஜன். அதனை நீர் கலந்த பாலில் இட்டால் புரதம் நிறைந்த பாலென்று சோதனை சொல்லும். ஆடையெடுத்து நீர் கலந்து பால்மானியை ஏய்த்த பழைய தந்திரத்திற்கும் இதற்கும் வேறுபாடு ஒன்றே: அது குழந்தையின் பசியை வளர்த்தது, இது சிறுநீரகத்தில் கல்லை வளர்த்தது. ஆறு குழந்தைகள் மாண்டன; ஏறத்தாழ 300,000 குழந்தைகள் பாதிக்கப்பட்டன. அடுத்த ஆண்டில் இருவர்க்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

சிங்கப்பூரில் அப்போது உணவுப் பாதுகாப்புப் பொறுப்பு வேளாண், உணவு, கால்நடை மருத்துவ ஆணையத்திடம் இருந்தது. அவ்வாணையம் 2008 செப்டம்பர் 19ஆம் நாள் சீனாவிலிருந்து வரும் பால், பால்பொருள்கள் அனைத்தின் இறக்குமதியையும் விற்பனையையும் தடைசெய்தது. தயிர்ப் பனிக்குச்சி, நறுமணப் பால், பால் மிட்டாய் ஆகியவற்றில் மெலமின் இருப்பதை அதன் சோதனைகள் காட்டின. கடைத்தட்டுகள் ஒரே நாளில் காலியாயின. தேக்காவின் மளிகைக் கடைகளிலும் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கவந்த தாய்மார் உறையைத் திருப்பித் திருப்பி எந்த நாட்டிற் செய்தது என்று பார்த்தனர். உண்ணும் உணவில் 90 விழுக்காட்டிற்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில் பால்காரரை வழிமறிக்கும் தெரு இன்று துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் இருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் நாள் இப்பொறுப்பைச் சிங்கப்பூர் உணவு அமைப்பு ஏற்றது. பல சட்டங்களிற் சிதறிக் கிடந்த உணவு விதிகளை ஒன்றாக்கும் புதிய சட்டமுன்வரைவு 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அது படிப்படியாக நடைமுறைக்கு வர வகுக்கப்பட்டுள்ளது.

ஆண்டுக்கு ஒருமுறை பொங்கலின்போது தேக்காவின் கேம்பல் லேனுக்கு மாடும் கன்றும் வருகின்றன. பட்டணத்துப் பிள்ளைகள் அஞ்சி அஞ்சித் தொட்டுப் பார்க்கின்றனர். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து தேங் ரோடு முருகன் கோயில் வரை பால்குடங்கள் செல்கின்றன. அப்பால் இன்று செம்பில் வருவதில்லை, அட்டைப்பெட்டியிலிருந்து ஊற்றப்படுகிறது. 1988ஆம் ஆண்டின் உணவு ஒழுங்குவிதிகள், பால், தயிர், குழந்தை உணவு முதலியவற்றின் உறைமேல் பயன்பாட்டு இறுதி நாளைப் பொறிக்கவேண்டும் என்கின்றன. அந்நாள் கடந்த பண்டத்தை விற்பது குற்றம். பொறித்த நாளை அழிப்பதும் திருத்துவதும் குற்றம். பால் உண்மையிலே திரிந்ததா என்று எவரும் மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. பகுப்பாய்வாளர் வேண்டா, மூன்று குப்பிகள் வேண்டா, நீதிமன்றத்தில் புளித்துப்போக ஒன்றும் இல்லை. நாள் எண்ணால் எழுதப்பட்டிருக்கிறது. எழுத்துக்கூட்டத் தெரியாத மூதாட்டியும் அவ்வெண்ணைப் படித்து, பெட்டியைத் திருப்பித் தட்டிலேயே வைத்துவிட்டு, பின்னால் இருக்கும் வேறொன்றை எடுத்துக்கொள்கிறார்.